சாவி போடாமலே சூடான வால்வு

சாயங்காலம் ஏழு மணி தாண்டியிருக்கும். சிடாம் கிரி பக்கம், தோட்டத்துக்குள் போகிற செம்மண் சாலை. இரண்டு பக்கமும் கித்தா என்கிற ரப்பர் மரங்களை வெட்டிச் சாய்த்திருந்தார்கள். எண்ணெய்க்குச் செம்பனை நடப்போகிறார்கள். வெட்டின மரமெல்லாம் குவியல் குவியலாகக் கிடந்தது... நடுவில் இந்த ஒரு சாலை. விளக்கு இல்லை. வீடு இல்லை. குரைக்க ஒரு நாய்கூட இல்லை.

அந்தச் சாலையில் ஒரு மோட்டார் சைக்கிள் போனது. பின்னால் ஸ்பானர் பெட்டி கட்டியிருந்தது. பள்ளத்தில் இறங்கும்போதெல்லாம் பெட்டிக்குள் இரும்பு குலுங்கியது. கலக்... கலக்...

இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். வெள்ளத் தண்ணீர் வடியாமல் நம் பஸ் பெண்டாங்கைத் தாண்டாது என்று டிரைவரே சொல்லிவிட்டார். இந்தக் கடைக்காரரும் நம்மை வெளியே தள்ளமாட்டார். காளியம்மா அக்கா, பயமாக இருந்தால் இப்போதே சொல்லிவிடுங்கள். பாதியில் நிறுத்தச் சொல்லக் கூடாது.

இது எனக்கு நடந்ததில்லை. என்னோடு ஃபேக்டரியில் வேலை செய்கிற ஏசுதாசனின் தாய்மாமனுக்கு நடந்தது. பெயர் இஞ்ஞாசிமுத்து. பீடோங்கில், வீட்டுக்குப் பின்னாலேயே தகரக் கொட்டகை போட்டு, மெஷின் ரிப்பேர் செய்கிற பெங்கெல் வைத்திருந்தார். டிராக்டர், லாரி, மண் தோண்டும் எக்ஸ்கவேட்டர்... எண்ணெய் அழுத்தத்தில் கை கால் ஆட்டுகிற மெஷின் எதுவானாலும் அவரிடம்தான் வரும். இது நடந்தது எண்பத்தேழாம் வருஷம்.

அவரிடம் ஒரு குணம். யாரையும் நம்ப மாட்டார். மெஷின் கெட்டுப்போனது என்று யாராவது வந்தால், என்ன கெட்டது என்று கேட்க மாட்டார். "கடைசியா கை வச்சது யாரு?" என்பதுதான் முதல் கேள்வி. மாதா கோயிலில் பூசை நடக்கும்போதுகூட இரண்டு தடவை எழுந்து போய், மோட்டார் சைக்கிள் பூட்டியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு வருவார். அவர் மனைவி பிரிஜெட்டுக்கு அதில் ரொம்ப வெட்கம்.

பேய் பிசாசையும் அவர் நம்ப மாட்டார். மனுசன்மேல் இருக்கிற சந்தேகமே அவருக்குப் போதும்.

அந்தச் செம்மண் சாலையில் அவர் மோட்டாரில் போன அன்று மத்தியானம், பரஞ்சோதி என்கிற காண்ட்ராக்டர் பெங்கெலுக்கு வந்திருந்தார். தோட்டத்தில் கால்வாய் வெட்டுகிற வேலையை எடுத்திருந்தவர். ஜப்பானிலிருந்து வந்த பழைய மெஷின் ஒன்றை வாங்கியிருந்தார். சின்ன எக்ஸ்கவேட்டர். ஒரு ஆள் உட்காரத்தான் இடம்.

"பகலெல்லாம் நல்லா ஓடுது அண்ணே. வெயில் இறங்கினா கை அப்படியே நின்னுடுது. எஞ்சின் ஓடுது, கை மட்டும் அசைய மாட்டேங்குது. ஃபியூஸ் மாத்தியாச்சு. எண்ணெய் மாத்தியாச்சு."

"கடைசியா கை வச்சது யாரு?"

பரஞ்சோதி குரலைத் தாழ்த்தினார். "அதான் அண்ணே எனக்கும் சந்தேகம். புது டிரைவரு, அழகேசன்னு ஒருத்தன். வேலைய இழுத்தடிக்க அவனே ஏதோ பண்றான்னு நெனைக்கிறேன். அவன் வீட்டுக்குப் போனப்புறம் வந்து பாருங்க. அவனுக்குத் தெரிய வேணாம்."

சரி என்று சொல்லிவிட்டார் இஞ்ஞாசிமுத்து. ஆனால் மனசுக்குள் முள் தைத்துவிட்டது. மெஷினைக் காட்ட ஒரு ஆள் ஏன் இருட்டுகிற நேரத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும்...

மெஷின் கால்வாய் முனையில் நின்றது. பக்கெட்டைத் தரையில் ஊன்றி, தலை குனிந்த மாதிரி. இஞ்ஞாசிமுத்து மோட்டாரை நிறுத்தினார். தவளைச் சத்தம். அடுக்கிக் கிடந்த மரத்திலிருந்து பச்சைப் பால் வாடை.

மெஷினுக்கு அந்தப் பக்கம் ஒரு சிகரெட் நெருப்பு தெரிந்தது.

"யாரது?"

"நான்தான் அண்ணே. டிரைவரு, அழகேசன்."

"வேல முடிஞ்சு வீட்டுக்குப் போகலியா?"

"மொதலாளி பரஞ்சோதி தவ்க்கே ஒங்கள அனுப்புவாருன்னு தெரியும் அண்ணே. நான் இல்லாதப்ப எதையாச்சும் கழட்டி வச்சிட்டு, நான்தான் கெடுத்தேன்னு சொல்லிட்டா நான் எங்க போவேன்? அதான் ஒக்காந்திருக்கேன். நான் ஒன்னும் பண்ணல லா அண்ணே."

சின்ன வயசுக்காரன். முப்பது இருக்கும். கண்ணில் பயத்தைவிடப் பிடிவாதம்தான் தெரிந்தது. இஞ்ஞாசிமுத்து அவனையும் நம்பவில்லை. ஆனால் டார்ச் பிடிக்க ஒரு கை வேண்டுமே.

இங்கே ஒன்று சொல்லிவிட வேண்டும். அந்த மெஷினில் சீட்டுக்கு இடது பக்கம் ஒரு லீவர் இருக்கும். டிரைவர் உட்கார்ந்து அதைக் கீழே தள்ளினால், சீட்டுக்கு அடியில் இருக்கிற ஒரு வால்வுக்குக் கரண்ட் போகும். சோலனாய்ட் வால்வு என்பார்கள். அதன்மேல் காயில் என்கிற செம்புக் கம்பிச் சுருள் சுற்றியிருக்கும். கரண்ட் வந்ததும் காயில் காந்தமாகி, உள்ளே இருக்கிற கம்பியை இழுக்கும். டக். எண்ணெய்க்கு வழி திறக்கும், மெஷினுடைய கை வேலை செய்யும். டிரைவர் இறங்கும்போது லீவரைத் தூக்குவான். கரண்ட் நிற்கும். கம்பி பழைய இடத்துக்கு வரும். டக். அதற்குப் பிறகு யார் எந்தக் கன்ட்ரோல் கட்டையைத் தட்டினாலும் கை அசையாது. ஆள் இல்லாத மெஷின் ஆடக் கூடாது என்பதற்காக வைத்த பூட்டு அது.

இஞ்ஞாசிமுத்து சீட்டுக்கு அடியில் இருந்த தகட்டு மூடியைக் கழற்றினார். வயரைத் தடவிப் பார்க்கலாம் என்று கையை விட்டவர், வெடுக்கென்று இழுத்துக்கொண்டார்.

காயில் சுட்டது.

"சாவி எங்கடா?"

"இந்தா அண்ணே, என் பாக்கெட்ல. நாலு மணிக்கே ஆஃப் பண்ணிட்டேன்."

லீவர் மேலே தூக்கித்தான் இருந்தது. சாவி அவன் கையில். காயில் மட்டும் அடுப்பில் வைத்த மாதிரி. கரண்ட் பார்க்கிற டெஸ்ட் லைட்டை வைத்தார்... எரிந்தது. ஸ்க்ரூடிரைவர் முனையைக் காயில் தலைக்குக் கிட்டே கொண்டுபோனார். சப்பென்று ஒட்டிக்கொண்டது. நல்ல காந்தம். வால்வு திறந்தே இருக்கிறது.

"நீ ஏறி ஒக்காரு."

அழகேசன் ஏறி உட்கார்ந்தான்.

டக்.

ஸ்க்ரூடிரைவர் கழன்று கீழே விழுந்தது.

டெஸ்ட் லைட் எரிந்துகொண்டே இருந்தது. அதாவது, கரண்ட் வருகிறது. காந்தம் போய்விட்டது.

"எறங்கு."

இறங்கினான். டக். ஸ்க்ரூடிரைவர் மறுபடி ஒட்டியது. இன்னொரு தடவை ஏறச் சொன்னார். டக். இறங்கச் சொன்னார். டக்.

அப்படியும் அவர் பயப்படவில்லை. ஆள் கனத்தில் தகடு வளைந்து, காயிலிலிருந்து திரும்பிப் போகிற எர்த் வயரை அழுத்துகிறது என்று நினைத்தார். டார்ச்சைக் கிட்டே பிடிக்கச் சொல்லி, தலையை உள்ளே நுழைத்துப் பார்த்தார். எதுவும் அழுத்தவில்லை. இரண்டு விரல் போகிற இடம் இருந்தது.

ஆனால் வேறொன்று இருந்தது. ஒரு சிவப்பு வயர். மெஷினோடு வந்ததில்லை, யாரோ பிறகு போட்டது. பேட்டரியிலிருந்து நேராகக் காயிலுக்கு. சாவி, ஃபியூஸ், லீவர் எதையும் தொடாமல் போனது. கருப்பு டேப்பை நுனி தெரியாமல் அழகாகச் சுற்றியிருந்தார்கள். அவசரத்தில் செய்த வேலை இல்லை.

"இது யாரு போட்டது?"

"எனக்குத் தெரியாது அண்ணே. சத்தியமா. எனக்கு முன்னாடி பக்கிரிசாமின்னு ஒருத்தரு ஓட்டினாரு. அவரு போட்டதா இருக்கும்."

"அவன் எங்க?"

"சிங்கப்பூருக்கு ஓடிட்டாருன்னு தவ்க்கே சொல்றாரு. ஒரு நாள் சாயங்காலம் வேலைக்கு நின்னவரு... மறுநாள் இல்ல. வீட்டுலகூட சொல்லலியாம்."

"கடைசியா எங்க வேலை செஞ்சான்?"

அழகேசன் டார்ச்சைத் திருப்பினான். "அந்தப் பக்கம் இன்னொரு முனையில. பாதி வெட்டி மறுபடி மூடிட்டாங்க பாருங்க, அங்க."

இஞ்ஞாசிமுத்து அந்த மூடின மண்ணை ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு கட்டரை எடுத்து, சிவப்பு வயரை வெட்டினார்.

டக்.

வால்வு விட்டது. அந்தச் சத்தம் அடங்குவதற்குள்... சீட்டுப் பஞ்சு மேலே எழும்பியது.

நாம் எழுந்த பிறகு மெத்தை மெல்ல, மெல்ல உப்புமே. அப்படி. அதுவரை அது அமுங்கியிருந்ததை இரண்டு பேரும் கவனிக்கவில்லை. அழகேசன் இறங்கி ஒரு சிகரெட் முடிகிற நேரம் ஆகியிருந்தது.

கூடவே ஒரு வாடை. சவரம் செய்துவிட்டு வருகிற ஆளின் முகத்துச் சோப்பு வாடை. அந்தப் பொட்டல் காட்டில்... இரண்டு பேருக்கும் நடுவில் வந்து, அப்படியே தாண்டிப் போனது.

"ஸ்ப்ரிங்கு," என்றார் இஞ்ஞாசிமுத்து. அவரை யாரும் எதுவும் கேட்கவில்லை.

எஞ்சினைப் போட்டுப் பார்த்தார்கள். அழகேசன் உட்கார்ந்தான், லீவரைத் தள்ளினான், கை அருமையாக எழுந்தது. தூக்கினான், பூட்டிக்கொண்டது. எத்தனை தடவை செய்தாலும் ஒரு குறை இல்லை. மெஷின் சரியாகிவிட்டது.

அவருக்குத்தான் சரியாகவில்லை. வீட்டுக்குப் போய்ப் படுத்தவருக்குத் தூக்கம் வரவில்லை. சீட்டு எழும்பியதைப் பற்றி அவர் நினைக்கவே இல்லை. அந்த வயரைப் பற்றித்தான் நினைத்தார். அந்த வயர் இருந்தால் பூட்டு இல்லை. பூட்டு இல்லை என்றால், டிரைவர் இறங்கும்போது சட்டை போய்க் கட்டையில் மாட்டினாலும் மெஷின் கை திரும்பும். இறங்கினவனையே அடிக்கும். அடித்தால்... வேலை நின்றுபோகும் என்று பயந்த ஒரு காண்ட்ராக்டர் என்ன செய்வான்? பாதி வெட்டின கால்வாயை ஏன் மூடுவான்? ஆள் சிங்கப்பூருக்கு ஓடிவிட்டான் என்று ஏன் அவனே முதலில் சொல்வான்?

மறுநாள் பக்கிரிசாமியின் மனைவி பாப்பம்மாவைத் தேடி, தோட்ட ஆட்கள் குடியிருக்கிற லயத்துக்குப் போனார். அவள் வாசலிலேயே நிறுத்திவிட்டாள். தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை.

"ஒங்கள யாரு அனுப்பினா?"

"யாரும் அனுப்பலம்மா. ஒன் புருசன் கடைசியா ஓட்டின மெஷினப் பாத்தேன். அதான் கேக்க வந்தேன். அவருகிட்டேருந்து ஏதாவது சேதி வந்துச்சா?"

"வந்தா நான் ஏன் இப்படி நிக்கிறேன்? ஊரெல்லாம் எவளையோ கூட்டிக்கிட்டுப் போயிட்டாருன்னு பேசுது. நானும் அப்படித்தான் நெனச்சுக்கிட்டேன். செத்துட்டாருன்னு நெனைக்கிறதுக்கு அது பரவால்லல்ல."

இஞ்ஞாசிமுத்து தன் சந்தேகத்தைச் சொன்னார். அவள் அழவில்லை. அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள், இவனுக்கு இதில் என்ன லாபம் என்கிற மாதிரி. பிறகு உள்ளே போய்ச் சேலை மாற்றிக்கொண்டு வந்து, "போலீஸ் பாலாய் எந்தப் பக்கம்? வாங்க," என்றாள்.

போலீஸ் வந்தது. தோட்டமே கூடிவிட்டது. மூடின இடத்தைத் தோண்ட அதே மெஷினைத்தான் கொண்டுவந்தார்கள். ஓட்டினது அழகேசன். உச்சி வெயிலில் ஆரம்பித்து, நிழல் நீளுகிற வரைக்கும் தோண்டினார்கள். மெஷின் ஒரு தடவைகூட நிற்கவில்லை. பாப்பம்மா குழி ஓரத்தில் குந்தி உட்கார்ந்து, வருகிற மண் ஒவ்வொன்றையும் பார்த்தாள்.

வேர் வந்தது. தண்ணீர் வந்தது. அடியில் பெரிய பாறை ஒன்று இருந்தது. பாறை இருந்ததால்தான் கால்வாயை மூடி வேறு பக்கம் திருப்பியிருந்தார்கள். அவ்வளவுதான். ஒரு எலும்பு இல்லை, ஒரு துணி இல்லை.

கூட்டம் கலையும்போது பரஞ்சோதி அவர் பக்கத்தில் வந்து நின்றார். கத்தவில்லை.

"என்னைக் கொலகாரனாக்கிட்டீங்களே அண்ணே. என் பொண்டாட்டி பிரேமாவதி மூஞ்ச நான் எப்படிப் பாப்பேன்?"

அப்போது இஞ்ஞாசிமுத்து ஒன்றைக் கவனித்தார். பேசும்போது பரஞ்சோதி அவரைப் பார்க்கவில்லை. அவருடைய தோளுக்கு மேலே, பின்னால்... அங்கே யாராவது நிற்கிறார்களா என்று பார்க்கிற மாதிரி பார்த்தார்.

அதற்குப் பிறகு பெங்கெலுக்கு வருகிற ஆட்கள் குறைந்தார்கள். ஊரில் ஒரு மனுசன்மேல் கொலைப்பழி சொன்னவரிடம் யார் போய் மெஷினை விடுவார்கள்?

தீபாவளிக்கு இரண்டு வாரம் இருக்கும்போது, பக்கிரிசாமி வந்து சேர்ந்தான்.

ஆமாம் அக்கா, உயிரோடுதான். சிங்கப்பூரில் கட்டட வேலை செய்திருக்கிறான். தன் பிணத்தைத் தேடித் தோட்டத்தில் குழி தோண்டினார்கள் என்று யாரோ சொல்ல, ஓடி வந்திருக்கிறான். பாப்பம்மா அவனை வீட்டுக்குள் விடுவதற்கு முன்னால் கையைத் தொட்டுப் பார்த்தாள் என்றார்கள்.

இஞ்ஞாசிமுத்து அவனைப் பார்க்கப் போனார். மன்னிப்புக் கேட்க இல்லை. ஒரு கேள்வி கேட்க.

"அந்தச் செவப்பு வயர நீயா போட்ட?"

பக்கிரிசாமி எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தான்.

"ஆமா அண்ணே. நான்தான்."

"ஏண்டா? ஆளைக் கொல்ற வேலை அது."

"வேல முடிஞ்சு லீவரத் தூக்கிட்டு எறங்குவேன் அண்ணே. டக்குன்னு கேக்கும், பூட்டிக்கும். சாவிய எடுத்துட்டு ஒரு பத்தடி நடப்பேன். பின்னால மறுபடி டக். யாரோ ஏறி ஒக்காந்து லீவரத் தள்ளுற மாதிரி. திரும்பிப் பாத்தா யாரும் இல்ல. கொஞ்ச நாள் அப்படியே போச்சு. அப்புறம் ஒரு நாள் டக்குன்னு ரெண்டு தடவை கேட்டுச்சு... ஏறினதுக்கு ஒன்னு. எறங்கினதுக்கு ஒன்னு. அன்னைக்கு லயம் வரைக்கும் எனக்குப் பின்னால யாரோ நடந்து வந்தாங்க."

அவன் குரல் ரொம்பச் சின்னதாகிவிட்டது.

"வாசல் வரைக்கும் வந்து நின்னுச்சு. உள்ள வரல. காலையில நான் மெஷின எடுக்கப் போனப்ப கூடவே வந்துச்சு. எனக்கு ஒன்னு புரிஞ்சது அண்ணே. வால்வு இழுத்துக்கிட்டு இருக்கிற வரைக்கும் அது எறங்காது. வேல இன்னும் முடியலன்னு நெனச்சுக்கிட்டு ஒக்காந்திருக்கும். அதான் வயரப் போட்டேன். வெயில் இறங்கினப்புறம் நாம ஏறினா அது வால்வ விட்டுட்டு ஒதுங்கி நிக்கும், நாம எறங்கினா மறுபடி ஏறிக்கும். பேட்டரி ராத்திரி முழுக்கத் தாங்கும், பகல்ல ஓட்டினா ஏறிக்கும். ஆனா தோட்டத்துல சேந்தாப்புல லீவு வுட்டாங்க. பேட்டரி எறங்கிப்போச்சு. அன்னைக்கு அது வாசல்ல நிக்கல. பாப்பம்மா தூங்குற பக்கம் வந்து நின்னுச்சு. மறுநாள் பேட்டரிய ஏத்தி அத ஒக்கார வச்சிட்டு, அப்படியே பஸ் ஏறிட்டேன். என்னைத்தானே தேடி வருது. நான் இல்லன்னா வீட்டுக்கு வராதுன்னு நெனச்சேன். இவகிட்ட சொன்னா நம்பவா போறா?"

"அது யாருடா?"

"தெரியாது அண்ணே. மெஷினோட வந்ததோ, மண்ணுல இருந்ததோ. நான் மூஞ்சப் பாத்ததில்ல."

பிறகு பக்கிரிசாமி கேட்டான். "வயர வெட்டினப்ப அங்க யாரு யாரு இருந்தீங்க?"

"நானும் அழகேசனும்."

"அழகேசன் எப்படி இருக்கான்?"

"நல்லா இருக்கான். தெனமும் வேலைக்குப் போறான்."

பக்கிரிசாமி பெஞ்சில் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தான். "அப்ப நீங்க?"

இஞ்ஞாசிமுத்துவுக்குக் கோபம் வந்தது. எழுந்து நேராக அழகேசன் தங்கியிருந்த கொங்சிக் கொட்டகைக்குப் போனார். அவன் மீன் பொரித்துக்கொண்டிருந்தான். நன்றாகத்தான் இருந்தான். தூக்கம் வருகிறதா, யாராவது பின்னால் வருகிறார்களா என்றெல்லாம் கேட்டார். இல்லை என்றான். பிறகு அவனும் அடுப்பைத் தணித்துவிட்டு அவரை ஏற இறங்கப் பார்த்தான்.

"அப்ப ஒங்க கூடத்தான் வந்துச்சா அண்ணே?"

அன்றிலிருந்து இரண்டு பேருக்கும் ஒருவர்மேல் ஒருவருக்குச் சந்தேகம். நேரில் பார்த்தாலும் கிட்டே வர மாட்டார்கள். இஞ்ஞாசிமுத்து பிரிஜெட்டிடம்கூட, வீட்டில் ஏதாவது வித்தியாசமாக இருக்கிறதா என்று கேட்டுப் பார்த்தார். நீங்கதான் வித்தியாசமா இருக்கீங்க என்றாள் அவள்.

கிறிஸ்துமஸ் முடிந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை. பூசை முடிந்து வெளியே வந்தால், மரத்தடியில் பரஞ்சோதி நிற்கிறார். ஆள் பாதியாகியிருந்தார். இந்துக்காரர், மாதா கோயில் பக்கம் வருகிறவர் இல்லை.

"அண்ணே, ஒரு வேல இருக்கு. வீட்டுக்கு வாங்க. ஒங்களத் தவிர வேற யாருகிட்டயும் கேக்க முடியாது."

"என்னை எப்படி நம்புற?"

"நம்பல. வேற வழியில்ல."

பீடோங் பட்டணத்தை ஒட்டி மாடி வீடு. ஜன்னல் எல்லாம் திறந்து கிடந்தது. வீட்டில் யாரும் இல்லை. பிரேமாவதி பெண்டாங்கில் அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள், திரும்பி வர மாட்டேன் என்கிறாள் என்றார். கீழே பின்பக்கம் ஒரு ஸ்டோர் ரூம். கதவுக்கு வெளியிலேயே நின்று பேசினார் பரஞ்சோதி.

"அன்னைக்கு நீங்க மெஷினப் பாத்தப்ப நானும் அங்கதான் இருந்தேன் அண்ணே. அடுக்கி வச்ச மரத்துக்குப் பின்னால. அவனையும் நம்பல, ஒங்களையும் நம்பல. என்ன பண்றீங்கன்னு பாக்கலாம்னு வந்தேன்."

இஞ்ஞாசிமுத்து அவர் பக்கம் திரும்பினார்.

"நீங்க மூணு பேரு இருந்தீங்க. நீங்க கீழ குனிஞ்சு பாக்குறீங்க. அவன் டார்ச் பிடிக்கிறான். இன்னொரு ஆளு சீட்டுல ஒக்காந்திருந்தான். நீங்க கூட்டிக்கிட்டு வந்த ஆளுன்னு நெனச்சேன். நீங்க எதையோ வெட்டினதும் அவன் எறங்கினான். ஒங்க ரெண்டு பேருக்கும் நடுவுல பூந்து வந்தான். நான் இருக்கிற எடம் தெரிஞ்ச மாதிரி... நேரா என்கிட்ட வந்தான்."

"மூஞ்சி எப்படி இருந்துச்சு?"

"பாத்தேன் அண்ணே. நல்லாத்தான் பாத்தேன். பாத்த ஒடனே மறந்துபோற மூஞ்சி. அதுக்கப்புறம் கொஞ்ச நாள் தெனமும் பாத்தேன். ஒங்ககிட்ட சொல்லத் தெரியல."

பக்கிரிசாமியிடம் அவரும் போய்க் கேட்டிருக்கிறார். வயர் விஷயம் தெரிந்ததும், மெஷினிலிருந்து சீட்டையும் வால்வையும் கழற்றி எடுத்துக்கொண்டு, மீதியைப் பெர்லிஸ் பக்கம் ஒருவருக்குத் தள்ளிவிட்டாராம். அழகேசனுக்குத் தன் லாரியில் வேலை போட்டுக் கொடுத்துவிட்டார்.

கதவைத் திறந்தார். இருட்டு அறை. நடுவில் ஒரு பலகையின்மேல் அந்தச் சீட்டு. அடியில் வால்வு. பக்கத்தில் லாரி பேட்டரி, அதற்கு இரவு பகலாக ஓடுகிற சார்ஜர். ம்ம்ம் என்று மெல்லிய சத்தம். தரையில் ஒரு தட்டு, மூடி வைத்த சாதம்.

"ரெண்டு மாசமா இப்படித்தான் வச்சிருக்கேன் அண்ணே. இங்கதான் ஒக்காந்திருக்கான். வெளிய வர்றதில்ல. ஆனா காயில் ராப்பகலா ஓடுதே, சூட்டுல எரிஞ்சிடுமோன்னு பயமா இருக்கு. கிட்ட போயித் தொட எனக்குத் தைரியம் இல்ல. நீங்க பாத்துச் சொல்லுங்க. எரியிற மாதிரி இருந்தா இன்னொன்னு வாங்கி வச்சிடலாம்."

இஞ்ஞாசிமுத்து உள்ளே போய்க் குந்தினார். டெஸ்ட் லைட்டை வைத்தார். எரிந்தது. கரண்ட் வருகிறது. பிறகு ஸ்க்ரூடிரைவரைக் காயில் தலையில் வைத்தார்.

ஒட்டவில்லை.

கையை வைத்தார். குளிர்ந்து கிடந்தது. மீட்டரைப் பிடித்துப் பார்த்தார், முள் அசையவில்லை. காயிலுக்குள் செம்புக் கம்பி எரிந்து அறுந்துவிட்டது. வெளியே பூத்திருந்த சாம்பல் நிறத்தைப் பார்த்தால், இன்றைக்கு நேற்று எரிந்ததில்லை. பல நாள் ஆகியிருக்கும்.

சீட்டுப் பஞ்சு நன்றாக உப்பி இருந்தது.

"எப்படிண்ணே இருக்கு?" என்று கதவுக்கு வெளியிலிருந்து பரஞ்சோதி கேட்டார்.

வாழ்க்கையில் யார் பேச்சையும் நம்பாத மனுசன், அன்றைக்கு ஒரு பொய் சொன்னார். "நல்லா இருக்கு. ஒன்னும் பயமில்ல."

பரஞ்சோதி பெருமூச்சு விட்டார். கேட் வரைக்கும் கூடவே வந்தார். வானம் கறுத்து, காற்று எழுந்திருந்தது. முதல் தூறல் விழுந்தது. இஞ்ஞாசிமுத்து மோட்டாரை உதைத்துக் கிளப்பினார். பரஞ்சோதி கேட்டைப் பிடித்துக்கொண்டு, வீட்டுக்கு முதுகைக் காட்டியபடி, சாயங்காலம் பெண்டாங் போய் மனைவியைக் கூட்டிக்கொண்டு வந்துவிடப் போவதாகச் சொல்லிக்கொண்டிருந்தார். முகத்தில் சிரிப்புக்கூட வந்திருந்தது.

இஞ்ஞாசிமுத்து நிமிர்ந்து மாடியைப் பார்த்தார்.

அங்கே யாரோ, மழைச்சாரல் உள்ளே அடிக்காமல் இருக்க... ஜன்னல்களை ஒவ்வொன்றாகச் சாத்திக்கொண்டு வந்தார்கள்.